காணாமல் போன வலை

அத்தியாயம் 7

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். பச்சைமுத்துவுக்கு வாய் திறந்துகொள்ளும். காலையில் மீஞ்சூரில் ஆட்டோவைக் கிளப்பும்போது திறந்த வாய், பழவேற்காட்டு மீன் மார்க்கெட்டில் வெயில் உச்சிக்கு ஏறிய பிறகும் மூடவில்லை.

"கோட்டைக்குப்பத்துல எல்லா வூட்லயும் 'இல்ல'ன்னு ஒரே பதிலு மேடம். எலக்‌ஷன்ல கூட இவ்ளோ ஒத்துமைய நான் பார்த்ததில்ல."

இந்திராணி பின்சீட்டில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக உடைந்த படகுகளைச் சோதித்துச் சோதித்துத் தலை நரைத்தவள். ஒருநாள் அந்த வேலையை உதறிவிட்டு, மீஞ்சூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினாள். நிலையத்தின் டிரைவர், குமாஸ்தா, டீ வாங்கி வருகிறவர் எல்லாம் பச்சைமுத்து ஒருவனே.

அவர்கள் தேடியது தங்கமோ வைரமோ இல்லை, ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட். 'ஆழிக்காப்பு' என்று நெஞ்சில் அச்சடித்த ஆரஞ்சு நிற ஜாக்கெட். அது இருட்டுவதற்குள் கிடைக்காவிட்டால் கலைவாணி கையெழுத்துப் போட்டுவிடுவாள். போட்டால் எல்லாம் முடிந்தது.

கலைவாணியின் புருஷன் தீனா. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தபோது கைக்குக் கிடைத்தவர்கள் ஆளுக்கொரு காலி கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். கூட இருந்த ரமேஷுக்குக் கேன் கிடைக்கவில்லை. தீனா தன் கேனைத் தூக்கி அவனிடம் போட்டான். "நீ புடிச்சிக்கடா, எனக்குத்தான் ஜாக்கெட்டு கீதே" என்றானாம். ரமேஷ் நடந்து வீடு வந்தான். தீனா மறுநாள் கரை ஒதுங்கினான். செத்தவன் மேல் இருந்தது ஊருக்குள் வரக்கூடாது என்று, தூக்கியவர்கள் ஜாக்கெட்டை அறுத்துக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். எடுத்துக் காட்ட இருந்த ஒரே பொருளும் அதோடு போயிற்று.

ஜாக்கெட் விற்ற கம்பெனி இரண்டு பதில் வைத்திருந்தது. ஒன்று, தீனா ஜாக்கெட்டே போடவில்லை. இரண்டு, போட்டிருந்தாலும், 'கடலில் என்ன நேர்ந்தாலும் கம்பெனி பொறுப்பல்ல' என்ற பேப்பரில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினான். ஜாக்கெட்டைப் பாதி விலைக்குக் கொடுத்த முகாமில் அந்தப் பேப்பரை ஊரைக் கூட்டி உரக்கப் படித்தும் காட்டினார்கள்.

பொன்னேரி வக்கீல் கஸ்தூரி அந்த முதல் பேப்பரைப் பார்த்துச் சிரித்தே விட்டாள். கடலின் ஆபத்துக்குத்தான் அவன் கையெழுத்துப் போட்டான், கம்பெனியின் தப்புக்கு இல்லை, ஓட்டைப் பொருளை விற்றுவிட்டுக் காகிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்றாள். ஆனால் பொருள் ஓட்டை என்று காட்ட ஒரு பொருளாவது வேண்டும். அது கையில் இல்லாமல் கோர்ட்டுக்குப் போனால் வெறும் அழுகைதான் மிஞ்சும். இன்று சாயங்காலம் வரப்போவது வேறு பேப்பர். உதவித்தொகை வாங்கிக்கொண்டேன், இனி எந்த வழக்கும் இல்லை என்று எழுதியது. அதில் கையெழுத்து விழுந்தால் அதிலிருந்து மீள்வது ரொம்பக் கஷ்டம்.

ஊரில் ஒரு ஜாக்கெட்கூட இல்லை. தீனாவுக்குக் காரியம் முடிந்த கையோடு கம்பெனிக்காரர்கள் வேன் கொண்டுவந்து, புது மாடல் தருகிறோம் என்று சொல்லி, வீடு வீடாக எல்லாவற்றையும் வாங்கிப் போய்விட்டார்கள். புது மாடல் இன்னும் வந்தபாடில்லை.

"ஒரே ஒரு ஜாக்கெட் மட்டும் கணக்குல வரல. தீனாவோட அண்ணன் ஜெகதீஸ்வரனோடது," என்றாள் இந்திராணி.

"அதான் வலையோட சேர்த்துத் திருடு போச்சுன்றாரே மேடம். தம்பி செத்த துக்கத்துல குந்திக்கினு இருக்கசொல்ல எதிர்க்கரைக்காரன் தூக்கினு போய்ட்டானாம். இன்னா மனுசங்க." சொல்லிவிட்டு மார்க்கெட் பக்கம் திரும்பிய பச்சைமுத்து கண்ணைச் சுருக்கினான். "அங்க பாருங்க, அந்தக்கா தலைல கூடைக்கு அடியில பளபளனு மின்னுது. ராத்திரில லாரி இடிக்காம இருக்கறதுக்குப் போல."

சும்மா சொன்னதுதான். ஆனால் இந்திராணி பாதிப் பழத்தை அவன் கையில் திணித்துவிட்டு இறங்கி நடந்தாள்.

மீன்கூடையை இறக்கிக்கொண்டிருந்த பெண் மாலா, ஜெகதீஸ்வரனின் மனைவி. கூடைக்கு அடியில் தலையில் வைக்கும் சும்மாடு பழைய புடவையில் சுற்றியதாக இல்லை. ஆரஞ்சுத் துணி, நடுவில் வெள்ளிப் பட்டை. இந்திராணி மடவை மீன் விலை விசாரித்தாள், பேரம் பேசினாள், பேச்சோடு பேச்சாகச் சும்மாட்டைக் கையில் எடுத்துப் புரட்டினாள். நல்ல துணியாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய் என்று கேட்டாள். கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்றாள் மாலா, மீனைப் பார்த்துக்கொண்டே.

ஆட்டோவுக்குத் திரும்பும் வழியில் இந்திராணி சொன்னாள்:

"கடல் துணியைக் கிழிக்கும், பச்சை. தையலைப் பார்த்துப் பார்த்துப் பிரிக்காது. அது பிளேடு வச்சுப் பிரிச்ச துணி."

"அப்ப ஜாக்கெட் திருடு போவல."

"தோல் இங்க இருக்கு. பழம் எங்க போச்சு?"

பச்சைமுத்து கையிலிருந்த வாழைப்பழத்தைக் குற்றவாளி போலப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினான்.

*

ஜெகதீஸ்வரன் வாசல் கொட்டகையில் புது வலைக்கு மிதப்புக்கட்டை கோத்துக்கொண்டிருந்தார். ஆள் தேக்குக்கட்டை மாதிரி, முகம் மட்டும் பட்டினி கிடந்தவர் முகம். பக்கத்தில் பழைய ரப்பர் செருப்புகள் குவிந்து கிடந்தன. அவற்றை வட்டம் வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, கயிற்றில் ஏற்றிக்கொண்டிருந்தார். வாசலில் ஓடிய அவர் பிள்ளைகள் காலில் செருப்பில்லை. ஊர்ச் செருப்பையெல்லாம் வலைக்கு மாட்டினால் மீன் எதைப் போட்டுக்கொண்டு நடக்கும் என்று பச்சைமுத்து கேட்டுப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை.

கையெழுத்தைப் பற்றி இந்திராணி கேட்டதற்கு, போன முறை சொன்னதையே சொன்னார். போடச் சொல்லியிருக்கிறேன், இன்றைக்கே போட்டுவிட வேண்டும், பெரிய கம்பெனியோடு மோதி வீட்டில் மிச்சமிருப்பவர்களும் தெருவில் நிற்க வேண்டாம். வலை திருட்டைப் பற்றிக் கேட்டதும் கத்தி ஒரு கணம் நின்றது.

"போனது போவட்டும்மா. ஊர்த் தலைவர்கிட்டயும் அத்தயேதான் சொன்னேன். வுட்டுடுங்கனு."

வெளியே வந்ததும் பச்சைமுத்து தாங்கமாட்டாமல் கொட்டினான். "அண்ணன் வாங்கிட்டாரு மேடம். கம்பெனி நல்லா கவனிச்சிருக்கான். இல்லனா தம்பி பொண்டாட்டிய எவன் இப்டி அவசரப்படுத்துவான்?"

"அதை விடு. இந்த ஏரில பாடு முறை எப்படின்னு உனக்குத் தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன. எந்த நாளில் எந்த இடத்தில் எந்தக் குப்பத்துக்காரன் வலை போடலாம் என்பது சீட்டுப் போட்டு முறை வைத்தது. ஒருவனுக்கு விழுந்த இடத்தில் இன்னொருவன் ஒரு முழம் உள்ளே வந்தால் இரண்டு கரையும் கழியோடு நிற்கும். பச்சைமுத்துவின் மாமனே அப்படி ஒரு சண்டையில் முன்பல்லைக் கொடுத்தவர்.

"ஒரு முழத்துக்கே பல் போகுது. இங்க ஒரு முழு வலையையே எதிர்க்கரைக்காரன் தூக்கிட்டுப் போய்ட்டானாம். துக்க வீடுன்னு முதல்ல பேசாம இருந்தாங்க, சரி. துக்கம் முடிஞ்சு, அவர் பாடு முறை திரும்பவும் வந்து போய்டுச்சு. ஊர் கூடல, தலைவர் கூப்பிட்டு விசாரிக்கல, ஒருத்தருக்கும் பல் போகல."

"புத்தரா இருப்பாரு மேடம்."

"அல்லது எதிர்க்கரைக்காரன் எடுக்கலைன்னு அவருக்கு நல்லாத் தெரியும்."

பச்சைமுத்து வாயை மூடினான். விரல் விட்டுக் கணக்குப் போட்டான். ஜாக்கெட்டைப் பிரித்திருக்கிறார். உள்ளே இருந்த ஃபோமை எதற்கு எடுப்பார்? மீன்பிடிக்கிறவன் கையில் மிதக்கிற பொருள் எது கிடைத்தாலும் அது வலைக்குத்தான் போகும். அப்படியென்றால் காணாமல் போன வலையில்தான் ஜாக்கெட்டின் குடல் இருக்கிறது. இப்போது மட்டும் ஏன் செருப்பு வெட்டுகிறார் என்று அவன் கேட்டான். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றாள் இந்திராணி. ஃபோம் ருசி கண்டவர் ஏன் செருப்புக்குத் திரும்பினார்?

சூரியன் பனைமரத்துக்கு மேல் நின்றது. கையெழுத்து வாங்க வருகிற கம்பெனி ஆள் பிரவீன் கிளம்பிவிட்டதாகக் கலைவாணியிடமிருந்து போன் வந்தது. அவள் குரலில் அழுகைகூட இல்லை. எதுவும் கிடைக்கலன்னா விட்டுடுங்க மேடம், எனக்கு முடியல என்றாள். பச்சைமுத்துவுக்கு உடனே ஏதாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. வண்டியைப் படகுத்துறைப் பக்கம் திருப்பினான்.

*

படகுத்துறையில் ஃபைபர் படகுகள் வரிசையாக நின்றன. ஜெகதீஸ்வரனின் படகு மட்டும் தள்ளி, சேற்றுப் பக்கமாக ஒதுங்கி நின்றது. இந்திராணி முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒரு படகுக்கு எத்தனை நங்கூரம் பச்சை?"

"ஒண்ணுதான்."

"இதுலேர்ந்து ரெண்டு கயிறு தண்ணிக்குள்ள இறங்குது."

அவள் அவனையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள். நீச்சல் தெரியாது, மூக்கில் தண்ணீர் போனால் தும்மல் நிற்காது, ஏரிப் பாம்பு கடிக்கும், என் அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை என்று பச்சைமுத்து அடுக்கினான். அடுக்கிக்கொண்டே இடுப்பளவு தண்ணீரில் இறங்கியும் விட்டான். முதல் எட்டிலேயே சேறு ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது.

இரண்டாவது கயிற்றை இழுத்தான். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தான். பிணத்தை இழுப்பது போல ஏதோ ஒன்று அடியிலிருந்து சேற்றோடு கிளம்பி வந்தது. வந்தது வலைதான். ஆனால் விசித்திரமான வலை. ஒரு பாதியில் செருப்புத் துண்டுகள் கோத்திருந்தன, அவை சேற்றை விட்டு விடுபட்டதும் துள்ளி மேலே வந்தன. மறுபாதியில் சாம்பல் நிறத்தில் ஊறிப்போன ஃபோம் துண்டுகள் ஈயக்குண்டோடு சேர்ந்து கீழே இழுத்தன. பச்சைமுத்து ஒரு துண்டைப் பிடித்தான். ஊறின இட்லி போல அமுங்கியது.

"ஜாக்கெட்டுக்குள்ள வைக்கற சாமானா மேடம் இது? வடை பார்சல் கட்டற ஸ்பான்ஜு."

"அத்த அப்டியே வுட்டுடு நைனா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கரையில் ஜெகதீஸ்வரன் நின்றிருந்தார். கையில் வலை வெட்டும் கத்தி. பச்சைமுத்துவின் வாய் தானாகத் திறந்து, வலை நல்லாயிருக்கு அண்ணே, டிசைன் புதுசு என்றது. அவர் கத்தியைக் கவனிக்கக்கூட இல்லை. அது கையில் இருந்ததே அவருக்கு நினைவில்லை போலிருந்தது.

"இத்த அங்க எடுத்துக்கினு போனா நான் கெட்டேம்மா," என்றார் இந்திராணியிடம்.

"போகலைன்னா கலைவாணி கெட்டா. நீங்களே தூக்கிட்டு வாங்க. நான் இழுத்துட்டுப் போனா அது வெறும் சாட்சி. நீங்க கொண்டு வந்தா அது வேற."

அவர் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, வலையை மொத்தமாகத் தோளில் ஏற்றினார். முன்னால் நடந்தார். பச்சைமுத்து ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே, எவ்வளவு வாங்கியிருப்பார் என்று இந்திராணியின் காதில் கிசுகிசுத்தான்.

"காசு வாங்கினவன் இந்த வலையை அன்னிக்கே எரிச்சிருப்பான். இவர் படகுலயே கட்டி வச்சிருக்காரு," என்றாள் அவள்.

*

கலைவாணி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பிரவீன் உட்கார்ந்திருந்தான். அனுப்பம்பட்டுக்காரன். ரயிலேறிப் போய் மாதச் சம்பளம் வாங்குகிறவன். கெட்டவன் போல இல்லை, தலைவலிக்காரன் போல இருந்தான். பேப்பர் மடியில், பேனா கலைவாணி கையில். அவள் அதன் மூடியைக் கழற்றியிருந்தாள். அதைப் பார்த்துத்தான் பச்சைமுத்துவுக்குப் பயமாக இருந்தது.

வலை ஈரத்தோடு வாசலில் விழுந்தது. எல்லாரும் ஃபோமைப் பார்த்தார்கள். முதலில் சுதாரித்தவன் பிரவீன்தான்.

"இது வெட்டினது. வெட்டினாலோ மாத்தினாலோ கம்பெனி பொறுப்பில்லைனு பேப்பர்ல தெளிவா இருக்கு. நானே படிச்சுக் காட்டினேன். வெட்டினா உள்ள தண்ணி போகத்தான் செய்யும் மேடம்."

இந்திராணி கலைவாணியிடம் மீன் அலசும் அலுமினிய அன்னக்கூடை நிறையத் தண்ணீர் கேட்டாள். பச்சைமுத்துவைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அவன் குனிந்து வலையிலிருந்து இரண்டு துண்டுகளை அறுத்தான். ஒன்று ஃபோம், ஒன்று செருப்பு. இரண்டையும் ஒன்றாகத் தண்ணீரில் போட்டான். ஃபோம் கல் போல அடியில் போய் உட்கார்ந்தது. செருப்பு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது.

"ஒரே கத்தில வெட்டினது. ஒரே வலை, ஒரே தண்ணி, ஊறினதும் ஒண்ணாத்தான்," என்றாள் இந்திராணி. "வெட்டினதுனால மூழ்கும்னா செருப்பு ஏன் சார் மூழ்கல?"

பிரவீன் மடியிலிருந்த பேப்பரைப் புரட்டினான்.

"செருப்பு பொறுப்பில்லைனு கையெழுத்து வாங்க மறந்துட்டீங்க சார்," என்றான் பச்சைமுத்து. காலையிலிருந்து அவன் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உருப்படி.

ஆனால் இதையெல்லாம் பார்த்தும் நிம்மதியாகாத ஒரு முகம் இருந்தது. ஜெகதீஸ்வரன் அன்னக்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூழ்கியதற்கு வெட்டியது காரணமில்லை என்ற சொல் அவருக்கு விடுதலையாக இல்லை, அடியாக விழுந்தது. அதைக் கலைவாணியும் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"இந்த வலை எப்ப மூழ்கிச்சு மாமா?"

யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. இந்திராணி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பது பச்சைமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவன் போறதுக்கு முன்னாடி," என்றார் ஜெகதீஸ்வரன்.

பிறகு நின்றவாக்கிலேயே சொன்னார். பாடு முறை வந்த வாரம், சாயங்காலம் வலை போட்டார். விடிந்து போய்ப் பார்த்தால் பாதி வலை சேற்றில் படுத்திருந்தது. வெட்டாதே என்று ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டியிருந்தார்களே, வெட்டிவிட்டோம், அதனால்தான் கெட்டது என்று நினைத்தார். நல்ல பொருளை அறுத்து வீணாக்கினாயே என்று தம்பி ஏற்கெனவே திட்டியிருந்தான். திரும்பவும் அவனிடம் திட்டு வாங்க வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார். தீனா கரை ஒதுங்கிய அன்றுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. அதற்குள் சொல்ல ஆள் இல்லை. முன்பே தெரிந்தது வெளியே வந்துவிடும் என்றுதான் வலையை மறைத்தார், கையெழுத்தையும் அவசரப்படுத்தினார்.

"அவங்க கையெழுத்து வாங்கினதுல நான்தான் தப்பு பண்ணேன்னு நம்பிட்டேம்மா. பொருள் மேல ஒரு சந்தேகமும் வரல. வந்திருந்தா அவன் கேனைக் குடுக்க வுட்டிருப்பனா?"

வக்கீல் கஸ்தூரி சொன்னபோது புரியாதது பச்சைமுத்துவுக்கு இப்போது புரிந்தது. அந்த முதல் பேப்பர் கோர்ட்டில் நிற்காது. கோர்ட்டில் நிற்க அதை எழுதவும் இல்லை. இப்படி ஒரு மனிதனின் வாயை ஒரு வாரம் அடைத்து வைத்தால் போதும், அது தன் வேலையை முடித்துவிட்டது.

கலைவாணி அன்னக்கூடைக்குள் கையை விட்டு ஃபோம் துண்டை எடுத்தாள். பிழிந்தாள். தண்ணீர் விரல் வழியாக ஓடியது. திரும்பப் பிழிந்தாள். இன்னும் ஓடியது. அவ்வளவு சின்னத் துண்டுக்குள் அவ்வளவு தண்ணீர் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. பார்க்க முடியாமல் பச்சைமுத்து தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிரவீன் எழுந்தான். பேப்பரை மடித்துக்கொண்டே, பரிசோதனைக்கு இந்தத் துண்டுகளை எடுத்துப் போகச் சொல்லுவார்கள் என்றான், யார் முகத்தையும் பாராமல். அவனுக்கே அது வெட்கமாக இருந்தது.

"ஊர்ல இருந்ததெல்லாம் வாங்கிக்கினு போய்ட்டீங்க சார். இது ஒண்ணு எங்கூட இருக்கட்டும்," என்றாள் கலைவாணி. ஈரத்தோடு அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் போன பிறகும் ஜெகதீஸ்வரன் நகரவில்லை. மன்னித்துவிடு என்று கேட்க வந்தவர் போல இரண்டு அடி முன்னால் வந்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அதெல்லாம் அப்பறம் மாமா. எனக்கு இப்ப வராது. இங்க சொன்னத அங்க கோர்ட்ல வந்து சொல்லணும். முன்னாடியே தெரியும்ன்றதையும் சேர்த்து."

"ஊரே கேக்கும்மா."

"கேக்கட்டும்."

அவர் தலையாட்டினார். பிறகு குனிந்து, வலையை இழை இழையாகச் சிக்கெடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். கோர்ட்டுக்கு எடுத்துப் போகிற பொருள் என்பதால், ஒரு கட்டையும் அறுந்து விழாமல் பார்த்துப் பார்த்துச் சுருட்டினார்.

ஆட்டோவில் இந்திராணி ஏறி உட்கார்ந்தாள். மீஞ்சூர் வரும்வரை அவன் ஏதாவது பேசிக்கொண்டே வருவான் என்று எதிர்பார்த்திருப்பாள். பச்சைமுத்து மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றி வழியில் ஜெகதீஸ்வரனின் கொட்டகையில் குவிந்து கிடந்த செருப்புகளோடு வைத்துவிட்டு, வெறுங்காலோடு வண்டியை எடுத்தான்.